பெண் அரசியல் தலைமையும் பாலின முன்முடிவுகளும்

பெண் அரசியல் தலைமையும் பாலின முன்முடிவுகளும் என்னும் இக்கட்டுரை, அரசியல் பதவிகளை வகிக்கும் பெண்கள் தம் கருத்தை உறுதியுடன் எடுத்துரைக்கும்போதும், தாமே முடிவெடுத்து ஆணையிடும்போதும் சமூகம் அதனை எவ்வாறு மதிப்பிடுகிறது என்பதைப் பற்றியதாகும். பெண் இப்படித்தான் இருப்பாள், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒருவரை அறியும் முன்னரே கொள்ளப்படும் எண்ணங்கள் பாலின முன்முடிவுகள் எனப்படுகின்றன. பிறரைத் தாழ்த்தாமலும் தான் தாழாமலும் தன் நிலையைத் தெளிவாகக் கூறி அதில் நிற்கும் பண்பு தன்னுறுதி எனப்படுகிறது. ஆண் தலைவரிடம் துணிவு எனப் போற்றப்படும் இப்பண்பு பெண் தலைவரிடம் ஆணவம் எனத் தூற்றப்படுவதுண்டு. ஆனால் தாய், அரசி, தெய்வம், கைம்பெண் ஆகிய உறவு அல்லது புனித வடிவம் ஒன்றில் வரும்போது அதே உறுதி பெரும்பாலும் எதிர்ப்பின்றி ஏற்கப்படுகிறது. தமிழ்நாட்டில், சிறப்பாகப் பாஞ்சாலங்குறிச்சியும் ஒட்டப்பிடாரமும் எட்டயபுரமும் அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும், இதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன.

சொல்லும் கருத்தும்

தமிழ் இலக்கண மரபில் அச்சம், மடம், நாணம் ஆகியவை பெண்ணுக்குரிய பண்புகளாகத் தொல்காப்பியத்தில் கூறப்பட்டுள்ளன. பிற்காலத்தில் பயிர்ப்பும் சேர்ந்து நாற்குணங்கள் என வழங்கலாயின. இவை அகத்திணைக் காதல் வாழ்வைப் பாடும் மரபுக்கு வகுக்கப்பட்டவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நாளடைவில் அவை எல்லாப் பெண்களுக்கும் எல்லா இடத்திற்கும் உரிய நடத்தை விதிகளாகக் கொள்ளப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் 1882 இல் பிறந்த சுப்பிரமணிய பாரதியார், தம் 'புதுமைப் பெண்' பாடலில் இவ்விதிகளை நேரடியாகவே மறுத்தார்.

பேச்சு வழக்கிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. அதிகம் பேசும் ஆண் பேச்சாளர் ஆகிறார். பெண் வாயாடி ஆகிறாள். பணியாத ஆண் வீரன். பணியாத பெண் அடங்காப்பிடாரி. தலைவன், தலைவி என்னும் சொற்கள் இணையானவை போலத் தோன்றினும், இலக்கியத்தில் தலைவி என்பவள் பெரும்பாலும் தலைவனுக்காகக் காத்திருப்பவளே. பெண் ஊராட்சித் தலைவர்களைக் குறிக்கத் 'தலைவி' என்பதைவிடத் 'தலைவர்' என்னும் பொதுச்சொல்லே பொருத்தமானது எனலாம்.

உளவியலாளர்கள் இதனை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராயத் தொடங்கினர். 1973 இல் வர்ஜீனியா ஷைன், வெற்றிகரமான மேலாளருக்குரியவை என மக்கள் கூறும் பண்புகள் ஆணுக்குரியவை எனக் கூறப்படும் பண்புகளோடு பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டினார். 1974 இல் சாண்ட்ரா பெம் உருவாக்கிய பாலினப் பண்புப் பட்டியலில் தன்னுறுதியும் தலைமைத் திறனும் ஆண்மைப் பண்புகளின் பகுதியில் இடம்பெற்றன. 2002 இல் ஆலிஸ் ஈக்லி, ஸ்டீவன் காராவ் ஆகிய இருவரும் முன்வைத்த 'பாத்திரப் பொருத்தக் கோட்பாடு' இதனை விளக்குகிறது. இதன்படி பெண் தலைவர் இருபுறமும் இடர்ப்படுகிறார். மென்மையாக நடந்தால் தலைமைக்கு ஏற்றவரல்லர் என்பர். உறுதியாக நடந்தால் பெண்ணுக்கு ஏற்ற நடத்தையன்று என்பர்.

தமிழக நிலைக்கு மிகவும் பொருந்தும் ஆய்வு எமிலி அமனத்துல்லா, மைக்கேல் மோரிஸ் ஆகியோர் 2010 இல் வெளியிட்டதாகும். ஊதியப் பேரத்தில் தமக்காக வாதிடும் பெண்கள் எதிர்ப்பை எதிர்பார்த்துத் தம் கோரிக்கையைக் குறைத்துக் கொள்கின்றனர். பிறர் ஒருவருக்காக வாதிடும்போது அவ்வாறு தயங்குவதில்லை என்று அவர்கள் கண்டனர். பிறருக்காகப் போராடுவது பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்டது. தனக்காகக் கேட்பதே குற்றம். அரசியலில் 'அன்னை' என்னும் வடிவம் ஏன் இவ்வளவு பயன்படுகிறது என்பதற்கு இதில் விடை உள்ளது.

பாளையக்காரர் காலம்

மதுரை நாயக்கர் அரசில் இராணி மங்கம்மாள் தம் பேரன் விஜயரங்க சொக்கநாதனின் இளமைக் காலத்தில் 1689 முதல் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் ஆட்சி நடத்தினார். பட்டத்துக்குரியவர் பேரனே, மங்கம்மாள் காப்பாட்சியர் மட்டுமே. அவர் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பெயரால் நினைக்கப்படுகின்றன.

சிவகங்கையின் வேலு நாச்சியார் (1730 - 1796) இராமநாதபுரம் சேதுபதி மரபில் பிறந்து போர்ப்பயிற்சி பெற்றவர். 1772 இல் காளையார்கோவிலில் அவருடைய கணவர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயர் மற்றும் நவாபின் படைகளால் கொல்லப்பட்டபின், மகள் வெள்ளச்சி நாச்சியாருடன் திண்டுக்கல் அருகிலுள்ள விருப்பாச்சியில் எட்டு ஆண்டுகள் தங்கினார். ஐதர் அலியின் உதவியைப் பெற்று, மருது சகோதரர்களின் துணையுடன் 1780 இல் சிவகங்கையை மீட்டார். பாஞ்சாலங்குறிச்சியின் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்படுவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முந்தைய நிகழ்வு இது.

இவ்விருவரும் நினைவுகூரப்பட்ட விதம் ஒப்பிடத்தக்கது. கட்டபொம்மன் நாட்டார் கதைப்பாடல்களிலும், மேடை நாடகத்திலும், 1959 இல் வெளிவந்த திரைப்படத்திலும் மக்கள் மனத்தில் நிலைத்தார். பாஞ்சாலங்குறிச்சியில் 1974 இல் தமிழக அரசு நினைவுக் கோட்டை எழுப்பியது. அஞ்சல்தலை 1999 இல் வெளியானது. இழந்த ஆட்சியை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டு ஆண்ட வேலு நாச்சியாருக்கு அஞ்சல்தலை 2008 இல்தான் வந்தது. அவரைப் பற்றிய எழுத்துகளும் பெரும்பாலும் கணவனை இழந்த கைம்பெண்ணின் சினம் என்ற கோணத்திலேயே தொடங்குகின்றன. எட்டு ஆண்டுக் காலம் தூது அனுப்பி, படை திரட்டி, பேரம் பேசிய அரசியல் திறன் அதில் பின்தள்ளப்படுகிறது.

பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் மரபினரின் குலதெய்வமாக வழிபடப்படுவதும் வீரசக்கதேவி என்னும் பெண் தெய்வமே. வீரத்துக்குப் பெண் வடிவம் கொடுப்பதில் இம்மண்ணுக்குத் தயக்கம் இருந்ததில்லை. கோயிலில் உள்ள வடிவம் ஊர்க்கூட்டத்தில் அமர வருவதில்தான் சிக்கல்.

சட்டமன்றத்தில் பெண்கள்

சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுடைய பெண்கள் 1921 இல் வாக்குரிமை பெற்றனர். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1926 இல் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் அவையில் வாதிட்டபோது மரபுவாதிகளின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். சட்டம் 1947 இல்தான் நிறைவேறியது. ருக்மிணி லட்சுமிபதி 1946 இல் பிரகாசம் அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்துறை அமைச்சராகி, மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் என்ற பெயர் பெற்றார்.

1957 முதல் 1962 வரை காமராசர் அமைச்சரவையில் இருந்த லூர்தம்மாள் சைமன் குளச்சல் தொகுதியிலிருந்து வந்தவர். உள்ளாட்சியும் மீன்வளமும் அவருடைய துறைகள். ஊர்க் கமிட்டிகளில் ஆண்களே அமரும் வழக்கமுடைய தென்கடற்கரையிலிருந்து ஒரு பெண் மீன்வளத்துறைக்கே பொறுப்பேற்றது குறிப்பிடத்தக்கது. ஆயினும் பெண் அமைச்சர்களுக்குச் சமூகநலம், மகளிர் நலம், மருத்துவம் போன்ற 'பராமரிப்பு'த் துறைகளை ஒதுக்குவதே பின்னர் பெருவழக்கானது. நிதி, உள்துறை, பொதுப்பணி ஆகியவை பெண்களுக்குக் கிடைப்பது அரிது. முதலமைச்சரே பெண்ணாக இருந்த காலம் இதற்கு விலக்கு.

சத்தியவாணி முத்து தி.மு.க.வின் தொடக்கக்காலத் தலைவர்களுள் ஒருவர். 1967 இல் அமைச்சரானார். ஒடுக்கப்பட்ட மக்களின் நலன் கட்சியில் புறக்கணிக்கப்படுகிறது என்று கூறி 1974 இல் விலகித் தனிக்கட்சி கண்டார். 1979 இல் சரண் சிங் அமைச்சரவையில் நடுவண் அமைச்சரானார். திராவிட இயக்க வரலாறுகளில் இவருக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது.

2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் 12 பெண்களே வெற்றி பெற்றனர்.

ஜெயலலிதா

தமிழக அரசியலில் பெண்ணின் தன்னுறுதி எவ்வாறு பார்க்கப்பட்டது என்பதற்கு மிக விரிவான சான்று ஜெ. ஜெயலலிதாவின் (1948 - 2016) அரசியல் வாழ்வாகும். 1982 இல் அ.தி.மு.க.வில் சேர்ந்த அவர் 1983 இல் கொள்கை பரப்புச் செயலாளராகவும், 1984 இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். கட்சியின் மூத்தவர்கள் அவரை நடிகை என்றே குறிப்பிட்டனர். அதே திரைத்துறையிலிருந்து வந்த ம. கோ. இராமச்சந்திரனுக்கு அந்தப் பின்புலம் தகுதியாகக் கொள்ளப்பட்டது என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

1987 டிசம்பரில் ம.கோ.இரா. மறைந்தபோது இராஜாஜி மண்டபத்தில் அவருடைய உடலருகே நெடுநேரம் நின்ற ஜெயலலிதா, இறுதி ஊர்வல வண்டியில் ஏற முயன்றபோது கீழே தள்ளப்பட்டார். மனைவி என்னும் உறவு வி. என். ஜானகியிடம் இருந்தது. ஜானகி 1988 சனவரி 7 அன்று தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சரானார். அவ்வரசு சனவரி 30 அன்று கலைக்கப்பட்டது. கட்சி இரண்டாகப் பிரிந்து 1989 தேர்தலைச் சந்தித்ததில் ஜெயலலிதா அணி 27 இடங்களையும் ஜானகி அணி 2 இடங்களையும் பெற்றன. கைம்பெண் என்ற தகுதி மட்டும் போதும் என்ற கணிப்பு இத்தேர்தலில் பொய்த்தது. தெற்காசியப் பெண் தலைமையைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்வழக்கைக் கவனிக்காமல் கடந்து விடுகின்றனர்.

தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரான அவர், 1989 மார்ச் 25 அன்று நிதிநிலை அறிக்கை தாக்கலின்போது ஏற்பட்ட அமளியில் தாம் தாக்கப்பட்டதாகவும், தம் சேலை இழுக்கப்பட்டதாகவும் கூறி வெளியேறினார். அன்று நடந்தது என்ன என்பதில் இரு கட்சியினரின் கூற்றுகளும் முரண்படுகின்றன. 2023 ஆகஸ்டில் மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தின்போது நிர்மலா சீதாராமன் இதனை எழுப்ப, மு. க. ஸ்டாலின் மறுத்தார். எது எவ்வாறாயினும், முதலமைச்சராகவே அவைக்குத் திரும்புவேன் என்று அவர் உரைத்ததாகக் கூறப்படும் சூளுரை பாஞ்சாலி சபதத்தோடு ஒப்பிடப்பட்டது. 1991 சூன் 24 அன்று அவர் முதலமைச்சரானார். சேலை இழுக்கப்பட்ட பெண் சூளுரைத்து வெல்வது தமிழர் அறிந்த கதை. அந்த வடிவில் வந்தபோது பதவி வேட்கையும் அறச்சீற்றமாக ஏற்கப்பட்டது.

இதன் பின்னர் அவருக்கு வழங்கிய பெயர்களின் மாற்றம் கருதத்தக்கது. திரையுலகில் 'அம்மு'வாகவும் கட்சியில் 'புரட்சித்தலைவி'யாகவும் இருந்தவர், ஆட்சியில் 'அம்மா' ஆனார். 1992 இல் தொட்டில் குழந்தைத் திட்டமும், சென்னையில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையமும் தொடங்கப்பட்டன. 2013 இல் தொடங்கிய அம்மா உணவகத்தைத் தொடர்ந்து குடிநீர், உப்பு, மருந்தகம் ஆகியவையும் இப்பெயரைப் பெற்றன. உணவிடும் தாய் என்ற வடிவம், அமைச்சர்கள் காலில் விழும் அளவுக்கு இறுகிய அதிகாரத்தோடு முரணின்றி இணைந்து நின்றது. தாய்க்குப் பணிவதில் ஆணுக்கு இழிவில்லை என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

அவர் மீதான திறனாய்வுகள் அனைத்தும் பாலின முன்முடிவால் எழுந்தவை அல்ல. சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. 2015 இல் கர்நாடக உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. அதற்குள் அவர் மறைந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. இதழ்கள் மீதும் அதிகாரிகள் மீதும் அவர் அரசு காட்டிய கடுமையும் பதிவாகியுள்ளது. பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு: அதே செயலை ஓர் ஆண் முதலமைச்சர் செய்திருந்தால் அதே சொல் பயன்பட்டிருக்குமா என்று பார்ப்பது. ஊழல் என்னும் சொல் அச்சோதனையில் தேறும். பிடிவாதக்காரி, ஆணவக்காரி என்பன தேறா.

அண்டை நாடும் பிற நாடுகளும்

இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 சூலையில் உலகின் முதல் பெண் பிரதமரானார். கணவர் 1959 இல் கொல்லப்பட்டபின் அரசியலுக்கு வந்த அவரை எதிராளிகள் 'அழும் கைம்பெண்' என எள்ளினர். அவர் ஆட்சியில் 1961 இல் சிங்கள மொழிச் சட்ட நடைமுறைக்கு எதிரான தமிழரின் அறப்போராட்டம் படையினரைக் கொண்டு அடக்கப்பட்டது. பெண் தலைமை இயல்பாகவே மென்மையானது என்று நம்புவோர் இதனை அறிந்திருத்தல் நலம். அதுவும் ஒரு முன்முடிவே. இந்தியாவில் 1966 இல் பிரதமரான இந்திரா காந்தியை ராம் மனோகர் லோகியா 'ஊமைப் பொம்மை' என்றார். 1971 போருக்குப் பின் அவரே துர்க்கையாகப் போற்றப்பட்டார். பொம்மைக்கும் தெய்வத்துக்கும் இடையே சாதாரண அரசியல்வாதி என்ற இடம் அவருக்கு எளிதில் கிட்டவில்லை. பிரித்தானியாவின் மார்கரெட் தாட்சர் தம் குரலின் கூர்மையைக் குறைத்துத் தாழ்த்திப் பேசப் பயிற்சி எடுத்துக் கொண்டார். 1976 இல் சோவியத் படை இதழ் ஒன்று ஏளனமாகச் சூட்டிய 'இரும்புப் பெண்மணி' என்னும் பெயரை அவர் விரும்பியே ஏற்றார்.

தூத்துக்குடி

தூத்துக்குடி 2008 இல் மாநகராட்சியானது. 2019 மக்களவைத் தேர்தலில் தூத்துக்குடித் தொகுதியின் இரு முதன்மை வேட்பாளர்களும் பெண்களாக இருந்தனர். தி.மு.க.வின் கனிமொழி 5,63,143 வாக்குகளும், அப்போது பாரதிய சனதாவின் மாநிலத் தலைவராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் 2,15,934 வாக்குகளும் பெற்றனர். இருவரும் அரசியல் குடும்பங்களில் பிறந்தவர்கள், ஒருவர் மு. கருணாநிதியின் மகள், மற்றவர் காங்கிரசுத் தலைவர் குமரி அனந்தனின் மகள். தமிழிசை தந்தையின் கட்சிக்கு எதிரான கட்சியைத் தேர்ந்தவர் என்பதால் வாரிசு என்னும் சொல் அவருக்கு முழுதும் பொருந்தாது. ஆனால் அவருடைய தலைமுடியும் நிறமும் உருவமும் பல ஆண்டுகள் சமூக வலைத்தளங்களில் கேலிப்பொருளாயின. அவருடைய கொள்கையை மறுப்பவர்கள் அதனை மறுக்கப் போதிய காரணங்கள் வைத்திருந்தும் முடியைப் பற்றியே பேசினர். ஆண் தலைவர்களும் உருவக்கேலிக்கு உள்ளாவதுண்டு எனினும், அவர்களுடைய அரசியலைப் பற்றிய பேச்சை அது இந்த அளவு விழுங்கியதில்லை.

கனிமொழி 2024 இல் 3,92,738 வாக்குகள் வேறுபாட்டில் மீண்டும் வென்றார். தூத்துக்குடிச் சட்டமன்றத் தொகுதியின் பெ. கீதா ஜீவன் 2006 இலும் 2021 இலும் அமைந்த அமைச்சரவைகளில் இடம்பெற்றார். 2021 இல் அவருக்கு ஒதுக்கப்பட்டது சமூகநலம் மற்றும் மகளிர் உரிமைத் துறை.

ஊராட்சிகள்

மகள், மனைவி, தோழி என்ற எந்த அரசியல் உறவும் இன்றிப் பெண்கள் பெருந்தொகையாகத் தலைமைக்கு வந்த இடம் ஊராட்சியே. அரசியலமைப்பின் 73 ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டு, 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016 இல் இது ஐம்பது விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களில் அவ்வொதுக்கீட்டின்படி ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடந்தது.

ஒதுக்கீட்டால் வந்த பெண் தலைவரின் நாற்காலியில் கணவரோ மாமனாரோ அமர்ந்து ஆள்வது பலவிடங்களில் காணப்படுகிறது. இதனைக் கொண்டு ஒதுக்கீடே வீண் என்பாரும் உளர். ஆனால் சிக்கல் பணியும் தலைவரால் எழுவதைவிடப் பணியாத தலைவருக்கு நேர்வதிலேயே தெளிவாகத் தெரிகிறது. தமிழகச் சிற்றூராட்சியில் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்தே ஒப்பமிட வேண்டும் என்பது விதி. தலைவர் பதவி பெண்ணுக்கோ பட்டியல் சாதியினருக்கோ ஒதுக்கப்பட்ட ஊரில், துணைத்தலைவர் பதவியை ஊரின் வலிய தரப்பு பெற்றுக் கொள்கிறது. துணைத்தலைவர் ஒப்பமிட மறுத்தால் தெருவிளக்கு மாற்றவும் பணம் எடுக்க இயலாது. முறைகேட்டைத் தடுக்க வகுக்கப்பட்ட விதி, உறுதியான தலைவரை முடக்கும் கருவியாகவும் ஆகிறது.

பாலினமும் சாதியும் சேரும்போது விளைவு இன்னும் கொடியது. திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சிக்கு 2006 இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பி. கிருஷ்ணவேணி அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். சிறந்த பணிக்காகச் சரோஜினி நாயுடு விருது பெற்றவர். ஆக்கிரமிப்புகளை எதிர்த்தும், பிறருடைய குறுக்கீட்டை ஏற்காமலும் பணியாற்றிய அவர், கொலை மிரட்டல்கள் வருவதாக முறையிட்டிருந்தார். 2011 சூனில் இரவில் ஆட்டோவில் வீடு திரும்பும் வழியில் அவரை ஒரு கும்பல் அரிவாளால் வெட்டியது. பல வெட்டுக்காயங்களுடன் அவர் உயிர் பிழைத்தார். 2020 இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியாகி வழக்குப் பதியப்பட்டது. அவ்வறையில் மற்றவர்கள் நாற்காலியில் இருந்தனர்.

ஒதுக்கீடு மக்களின் எண்ணத்தை மாற்றுகிறதா என்பதை அறிய மேற்கு வங்காளத்தில் ஒரு சோதனை நடத்தப்பட்டது. அங்கு ஒதுக்கீட்டு ஊராட்சிகள் குலுக்கல் போன்ற முறையில் தெரிவு செய்யப்பட்டதால் ஒப்பீடு எளிதாயிற்று. லோரி பீமன், ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா ஆகியோர் 2009 இல் இதன் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே தலைவர் உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிந்து மக்களைக் கேட்கச் செய்தனர். பெண் தலைவரையே கண்டிராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் அளித்தனர், சொற்கள் ஒன்றே. பெண் தலைவரைக் கண்ட ஊர்களில் திறமை பற்றிய இவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது. ஆனால் தலைவராக ஆணையே விரும்பும் மனப்பாங்கு மாறவில்லை. இரண்டு முறை ஒதுக்கீடு பெற்ற இடங்களில் ஒதுக்கீடு இல்லாத தொகுதிகளிலும் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டு வென்றனர். திறமையை ஏற்றுக் கொண்டபின்னும் விருப்பம் மாறாதிருப்பது, கண்ணால் கண்ட சான்று மட்டும் முன்முடிவைக் கரைத்துவிடாது என்பதைக் காட்டுகிறது.

இதே குழுவினருள் நால்வர் 2012 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண் தலைவர் இருமுறை ஆண்ட ஊர்களில் மகன்களுக்கும் மகள்களுக்கும் பெற்றோர் கொண்டிருந்த எதிர்பார்ப்பின் இடைவெளி குறைந்தது. பெண் பிள்ளைகளின் படிப்பும் கூடியது.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் 106 ஆவது திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னரே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என அத்திருத்தத்தில் கூறப்பட்டுள்ளது. தமிழகத்தில் 2019 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடத்தப்படாமையால் ஐம்பது விழுக்காட்டு ஒதுக்கீட்டில் வந்த அப்பெண் தலைவர்களின் இடத்தில் அரசின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.